ஒரு வருடமா, இரண்டு வருடமா: சாஃப் கட்டர் பட்டறைக்கு எந்த வாரண்டி கட்டுப்படியாகும்?

எங்கள் பட்டறை கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை போகும் வழியில் இருக்கிறது. மாட்டுக்குச் சோளத்தட்டு, கோ-4 புல், கோ-5 புல் எது போட்டாலும் துண்டு துண்டாக நறுக்கித் தள்ளும் சாஃப் கட்டர் செய்கிறோம். 2 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார், ஒரு ஃப்ளைவீல், அதில் இரண்டு பிளேடு, பெல்ட், பேரிங். மெஷினில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. அதற்குக் கொடுக்கிற வாரண்டியில்தான் எல்லா வித்தையும் இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் மெஷின் வாங்க வருகிறவர் விலைக்கு முன்னால் கேட்பது "கேரண்டியா, வாரண்டியா?" என்றுதான். கேரண்டி என்றால் புதுசு மாற்றித் தருவது, வாரண்டி என்றால் ரிப்பேர் பார்த்துத் தருவது என்பது ஊர் அகராதி. நுகர்வோர் வழக்கு என்று வந்துவிட்டால் அந்த அகராதி செல்லாது. கார்டில் என்ன எழுதியிருந்தது, விற்கும்போது என்ன சொன்னார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். எங்கள் கார்டில் இதுவரை ஒரே வரிதான்: "உற்பத்திக் குறைபாட்டுக்கு ஒரு வருட வாரண்டி." எது உற்பத்திக் குறைபாடு, யார் வந்து பார்ப்பார்கள், வண்டிச் செலவு யாருடையது என்று எதுவும் இல்லை. அப்பா காலத்தில் அடித்த கார்டு. மாதம் பத்துப் பதினைந்து மெஷின் விற்ற காலத்துக்கு அது போதும்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், விற்பனை பார்க்கும் என் மச்சான் இரண்டு வருட வாரண்டி கொடுத்தே ஆகவேண்டும் என்கிறார். டீலர்கள் கேட்கிறார்களாம், வெளியூர் மெஷின்கள் இரண்டு வருடம் போட்டு வருகின்றனவாம். போதாக்குறைக்கு, போச்சம்பள்ளி பக்கம் ஸ்கூட்டர் செய்யும் ஓலா 2024-இல் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 80,000 கிலோமீட்டர் என்று அறிவித்தது. "ஸ்கூட்டருக்கே எட்டு வருசம் தர்றாங்க, உங்க மெஷினுக்கு ஒண்ணுதானா?" என்று ஊத்தங்கரை டீலர் ஒருவர் என்னிடமே கேட்டுவிட்டார். அவரிடம் என்ன சொல்ல? சரி என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்குதான் இது. சின்னதாகப் பொருள் செய்து விற்கும் மற்றவர்களுக்கும், அது ஸ்டார்ட்டர் பெட்டியோ மாவு மெஷினோ, கொஞ்சம் உதவலாம்.

முதலில் ஒரு நாள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அஞ்செட்டிக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்திலிருந்து போன். "தம்பி, மெஷினு ஓடல. உர்ருனு சத்தம் மட்டும் வருது. ஆறு மாடு காத்துகினு இருக்குது." மெஷின் விற்று நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பட்டறையில் வெல்டிங் பார்த்துக்கொண்டிருந்த பையனை எழுப்பி, ஒரு மோட்டார், ஒரு பெல்ட், ஒரு பேரிங் செட் எல்லாம் வண்டியில் கட்டி அனுப்பினேன். போய்வர 150 கிலோமீட்டருக்கு மேல். தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி வரை காட்டுச் சாலை. இருட்டிவிட்டால் யானை பயம், அதனால் சாயங்காலத்துக்குள் திரும்பியாக வேண்டும். அவன் போய்த் திறந்து பார்த்தால் கெபாசிட்டர் வயிறு உப்பிப்போய் இருந்தது. 200 ரூபாய்கூட ஆகாத சாமான். அதை மாற்ற ஐந்து நிமிடம். ஆனால் பையனுக்கு ஒரு நாள் போனது, பெட்ரோல் போனது, பட்டறையில் அன்று முடியவேண்டிய நான்கு ஃபிரேம் வெல்டிங் ஆகாமல் நின்றது. வாரண்டிக் கணக்கில் நான் எழுதி வைத்தது மட்டும் "கெபாசிட்டர் 1" என்று.

பல வருடம் இப்படித்தான் எழுதி வந்திருக்கிறோம். மாற்றிய சாமானின் விலைதான் வாரண்டிச் செலவு என்று நினைத்துக்கொண்டு, போன வழிச் செலவையும் ஆள் செலவையும் பட்டறைச் செலவில் கரைத்துவிட்டோம். அதனால் எது கட்டுப்படியாகிறது என்று பார்க்கவே வழி இல்லாமல் போயிற்று.

எங்கள் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. இப்போது செய்வதுபோல் நம் ஆளையே அனுப்புவது. டீலர் தலையில் கட்டி, அதற்காக அவருக்குக் கூடுதல் மார்ஜின் தருவது. ஊர் ஊராக இருக்கும் மெக்கானிக், வைண்டிங் கடைக்காரர்களிடம் பேசி, ஒரு வேலைக்கு இவ்வளவு என்று கூலி வைப்பது. நான்காவது, ஒரு வருடத்தை இலவசமாக வைத்துக்கொண்டு இரண்டாவது வருடத்தைக் காசுக்கு விற்பது. ஐந்தாவதாக, வாரண்டியே இல்லை, விலையைக் குறைத்துக்கொள் என்று விற்கிறவர்களும் சந்தையில் இருக்கிறார்கள். அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. மாட்டை நம்பிப் பிழைக்கிற வீட்டுக்கு விற்றுவிட்டு, மறுநாள் முதல் எனக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல இந்த ஊரில் முடியாது. சந்தையில் பார்த்தால் சட்டையைப் பிடிப்பார்கள்.

கணக்குக்கு வசதியாக வருடத்துக்கு 600 மெஷின், ஒன்று 25,000 ரூபாய், நூற்றுக்கு ஆறு மெஷினுக்கு வாரண்டியில் ஒரு போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 36 போன். ஒரு போனுக்குச் சராசரி 900 ரூபாய் சாமான். இந்த 32,400 ரூபாய் எந்த வழியில் போனாலும் உண்டு. எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். கணக்குப் போகும் திசைதான் முக்கியம்.

நம் ஆளையே அனுப்பினால்: மாதம் 18,000 சம்பளத்தில் ஓர் ஆள். அவன் பாதி நேரம் பட்டறை வேலையும் பார்ப்பான் என்று பாதிச் சம்பளத்தை மட்டும் இதில் எழுதினாலும் வருடத்துக்கு 1,08,000. ஒரு பயணத்துக்கு 500 ரூபாய் வண்டிச் செலவு என்றால் 18,000. சாமானோடு சேர்த்து 1,58,400. மெஷினுக்கு 264 ரூபாய் விழுகிறது.

டீலர் வழியில், அவர் இரண்டு சதவீதம் கூடுதலாகக் கேட்கிறார். மெஷினுக்கு 500 ரூபாய். கெட்டுப்போன 36 மெஷினுக்கு மட்டும் அல்ல, ஒழுங்காக ஓடுகிற 564 மெஷினுக்கும் சேர்த்து. 3,00,000 ரூபாய் அங்கேயே போய்விடுகிறது. சாமானைச் சேர்த்தால் மெஷினுக்கு 554.

ஊர் மெக்கானிக்குக்கு ஒரு வேலைக்கு 600, சாமான் அனுப்பவும் பழையதைத் திரும்ப வாங்கவும் பார்சல் செலவு 150. சாமானோடு ஒரு போனுக்கு 1,650. மொத்தம் 59,400, மெஷினுக்கு 99 ரூபாய்.

காகிதத்தில் பார்த்தால் முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று. ஆனால் மச்சான் விடவில்லை, அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. மெக்கானிக்குக்கு வேலைக்கு இவ்வளவு என்று வைத்தால், இல்லாத வேலையையும் எழுதுவார்கள் என்றார். சரி, நாலு நிஜ வேலைக்கு ஒரு பொய் வேலை என்றே வைத்துக்கொள்வோம்; 36-க்கு மேல் இன்னும் 9. அப்போதும் மெஷினுக்கு 124 ரூபாய்தான் வருகிறது. ஏமாற்றுகிற மெக்கானிக்கே நம் ஒழுங்கான பையனைவிட மலிவு. இதைச் சொன்னதும் பையன் முறைத்தான், அது வேறு கதை.

உண்மையில் நான் பயப்படுவது பொய்க் கணக்குக்கு அல்ல. கெட்டுப்போன சாமான் பட்டறைக்குத் திரும்பி வராமல் போவதற்குத்தான். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஒன்றை விட்டுவிட்டால், மலிவு என்று நினைத்தது கடைசியில் கழுத்தை அறுக்கும். எப்படி என்று காட்டுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மோட்டார் எரிந்து வருவது திடீரென்று கூடியது. மோட்டார் கோயம்புத்தூரிலிருந்து வாங்குகிறோம். மோட்டார்தான் மட்டம் என்று மச்சான் சப்ளையரிடம் சண்டைக்குப் போனார். அதற்கு முன்னால் வைண்டிங் போடும் நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு, வந்திருந்த ஆறு மோட்டாரையும் பட்டறையில் வரிசையாக வைத்துக் கவரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். ஆறிலும் ஒரே மாதிரி. ரன்னிங் வைண்டிங் பளபளவென்று செம்பு நிறத்தில் இருக்கிறது, ஸ்டார்ட்டிங் வைண்டிங் மட்டும் கருகிக் கரியாகி இருக்கிறது. விரலால் தொட்டால் வார்னிஷ் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அவர் சிரித்துக்கொண்டே, "மோட்டார் மேல தப்பில்ல. கரன்ட் பத்தல" என்றார்.

விஷயம் இதுதான். இந்த வகை மோட்டாரில் ஸ்டார்ட்டிங் வைண்டிங் கிளம்புவதற்கு மட்டும்தான். வேகம் பிடித்ததும் உள்ளே இருக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் அதைத் துண்டித்துவிடும். வோல்டேஜ் குறைவாக இருந்தால் மோட்டார் வேகம் பிடிக்காது, சுவிட்ச் துண்டிக்காது, ஓரிரு விநாடி வேலை பார்க்கவேண்டிய கம்பி நிமிடக் கணக்கில் கரன்ட்டைத் தாங்கி எரிந்துபோகும். உர்ரென்ற சத்தம் அதுதான்.

ஏன் திடீரென்று கூடியது? விசாரித்தால் ஆறு வீட்டிலும் மாட்டுக்கொட்டகை வீட்டிலிருந்து தள்ளி இருக்கிறது. வீட்டு மீட்டரிலிருந்து 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை 60 மீட்டர் இழுத்திருக்கிறார்கள். அந்த ஒயர் போய்த் திரும்பும் தூரத்தைச் சேர்த்தால் ஏறக்குறைய ஒன்றரை ஓம் வரும். மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர் எடுத்தால் ஒயரிலேயே 15 வோல்ட் போகிறது, அது பரவாயில்லை. கிளம்பும்போது நாலைந்து மடங்கு இழுக்கும். அப்போது 60, 70 வோல்ட் ஒயரிலேயே தின்றுபோகும். சாயங்காலம் ஏற்கெனவே வோல்டேஜ் இறங்கியிருக்கும் நேரம், ஹாப்பரில் முன்கூட்டியே புல்லைத் திணித்துவிட்டு சுவிட்சைப் போடுகிறார்கள். மோட்டார் எப்படிக் கிளம்பும்? அதே இடத்தில் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இந்த இழப்பு மூன்றில் ஒரு பங்கு சொச்சமாக இறங்கிவிடும்.

அதற்கப்புறம் மெஷினோடு ஒரு தாள் வைக்க ஆரம்பித்தோம்: 30 மீட்டருக்கு மேல் இழுத்தால் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர்தான், சுவிட்ச் போட்டு மெஷின் முழு வேகம் பிடித்த பிறகுதான் புல் போடவேண்டும். டீலரிடம் சொல்லி, ஒயர் அளவை எழுதி வாங்கின பிறகே மெஷினை இறக்கச் சொன்னோம். மோட்டார் எரிந்து வருவது பாதிக்கும் கீழே போய்விட்டது. ஒரு தாள் அச்சடித்த செலவு. இதை எந்த வாரண்டித் திட்டமும் செய்திருக்காது. அந்த ஆறு மோட்டாரும் திரும்பி வந்ததால் நடந்தது.

டீலர் வழி எனக்குப் பிடிக்காததற்கு இரண்டு சதவீதத்தைவிட இதுதான் பெரிய காரணம். டீலர் மாற்றிக் கொடுத்துவிட்டு நமக்கு ஒரு பில் அனுப்புவார். பழைய மோட்டார் எங்கே என்றால் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்பார். எரிந்த மோட்டாரிலும் செம்பு இருக்கிறது, அது கிலோ கணக்கில் விலை போகும். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? மெக்கானிக்கிடமும் இதே ஆபத்துதான். அதனால் கூலியை இரண்டாக உடைக்க நினைத்திருக்கிறேன். போய்ப் பார்த்ததற்கு 300, பழைய சாமான் பட்டறைக்கு வந்து சேர்ந்ததும் மீதி 300. சாமானோடு மெஷின் நம்பர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. பஸ்ஸில் போட்டுவிட்டால் போதும். ஊத்தங்கரையிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் அப்படித்தான் இப்போதும் வருகிறது. எரிந்த மோட்டாரின் செம்பு விலையையும் அவருக்கே கொடுத்துவிடலாம், நாங்கள் பார்த்து முடித்த பிறகு.

இரண்டு வருடம் என்ற பேச்சுக்கு வருவோம். மச்சான் சொல்வது: "முதல் வருசத்தில் நூத்துக்கு ஆறு, ரெண்டாவது வருசத்தில் மிஞ்சிப்போனா நாலு. என்ன பெரிய செலவு?" கணக்கு சரி மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் அவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. இந்த ஜனவரியில் இரண்டு வருடம் என்று கார்டு அடித்தால், இந்த வருடம் முழுக்க நமக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவு வராது. விற்பனை கூடும், டீலர் சந்தோஷப்படுவார், மச்சான் என்னைப் பார்த்துச் சிரிப்பார். பில் வர ஆரம்பிப்பது அடுத்த ஜனவரியில். அந்த வருடம் முடிவதற்குள் வாரண்டியில் 600 மெஷின் இல்லை, 1,200 மெஷின் நிற்கும். நடுவில் ஒரு பேட்ச் பேரிங் மட்டமாக வந்திருந்தால் அது இரண்டு வருட விற்பனை முழுக்கப் பரவியிருக்கும்.

இன்னொன்று, எப்போது கெடுகிறது என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதல் மூன்று மாதத்தில் வருவது பெரும்பாலும் நம் தவறு: சரியாக இறுக்காத போல்ட், நேராக நிற்காத புல்லி, கனெக்ஷன் தளர்ந்த சுவிட்ச். நடுவில் வருவது இடி, வோல்டேஜ், புல்லோடு உள்ளே போன கல். ஒன்றரை வருடத்துக்கு மேல் வருவது தேய்மானம்: பிளேடு, பெல்ட், பேரிங். தேய்மானத்துக்கு வாரண்டி கொடுத்தால் அது வாரண்டி அல்ல, இலவசச் சர்வீஸ். இரண்டாவது வருடத்தைக் கொடுப்பதானால் பிளேடையும் பெல்ட்டையும் வெளியே நிறுத்திவிட்டு ஃபிரேம், ஃப்ளைவீல், ஷாஃப்ட் இவற்றுக்கு ஐந்து வருடமே கொடுக்கலாம். அவை உடைந்து நான் பார்த்ததில்லை. கேட்கவும் நன்றாக இருக்கும்: "ஃபிரேமுக்கு 5 வருடம்." இது ஏமாற்று அல்லவா என்று என் மனைவி கேட்டாள். கார்டில் பெரிய எழுத்தில் எது ஐந்து, எது ஒன்று என்று பிரித்துப் போட்டால் ஏமாற்று இல்லை. பொடி எழுத்தில் போட்டால்தான்.

மோட்டாரின் வாரண்டியில் ஒரு ஓட்டை இருக்கிறது, அது இன்றுவரை எங்கள் பையில்தான் விழுகிறது. மோட்டார் கம்பெனி தன் ஒரு வருடத்தை எங்களுக்குப் பில் போட்ட நாளிலிருந்து எண்ணுகிறது. அந்த மோட்டார் எங்கள் பட்டறையில் இரண்டு மாதம் கிடக்கும், மெஷின் ஆகி டீலர் கடையில் மூன்று மாதம் நிற்கும். விவசாயிக்கு நாங்கள் கொடுக்கும் ஒரு வருடம் அவர் வாங்கிய நாளில் தொடங்குகிறது. ஆக, கடைசி ஐந்து மாதம் மோட்டார் கம்பெனி இல்லை, நாங்கள் மட்டும். இரண்டு வருடம் ஆக்கினால் அது பதினேழு மாதம் ஆகும். மெஷினிலேயே விலை கூடிய சாமான் மோட்டார்தான். இதற்குத் தீர்வு, அனுப்பிய நாளிலிருந்து 18 மாதம் அல்லது ஓட ஆரம்பித்த நாளிலிருந்து 12 மாதம், எது முன்னால் வருகிறதோ அது, என்று சப்ளையரிடம் எழுதி வாங்குவது. பெரிய இயந்திரங்களில் சாதாரணமாக இருக்கிற ஏற்பாடுதான். எங்கள் சப்ளையரிடம் கேட்டேன். வருடத்துக்கு 500 மோட்டாருக்கு மேல் எடுத்தால் பார்க்கலாம் என்றார். எடுக்கிறோமே என்று பில்களை அனுப்பியிருக்கிறேன்.

காசுக்கு விற்கும் இரண்டாவது வருடம் எனக்கு ஆரம்பத்தில் ரொம்பப் பிடித்திருந்தது. 600 ரூபாய், வேண்டியவர் வாங்கிக்கொள்ளட்டும். யோசித்தால், யார் வாங்குவார்? ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருப்பவர் வாங்கமாட்டார். இருபது மாட்டுப் பண்ணைக்காரரும், கூலிக்கு ஊர் புல்லை எல்லாம் நறுக்கிக் கொடுப்பவரும் முதல் ஆளாக வாங்குவார்கள். அதாவது மெஷினை அதிகமாக அடிக்கிறவர்கள் மட்டும் சேர்ந்து ஒரு சீட்டுப் பிடித்த மாதிரி. நூற்றுக்கு நாலு என்ற சராசரி அவர்களிடம் செல்லாது. வரி வேறு. மெஷின் விற்கும்போதே அதே பில்லில் நாமே கூடுதல் வாரண்டி விற்றால் அது மெஷினோடு சேர்ந்த விற்பனையாகவே பார்க்கப்படும். விற்ற பிறகு தனியாக விற்றாலோ, வேறொரு நிறுவனம் விற்றாலோ, அது தனிச் சேவை. சேவைக்கு உரிய ஜி.எஸ்.டி. கட்டவேண்டும். 2023 ஜூலையிலும் 2024 ஜூனிலும் வந்த இரண்டு ஜி.எஸ்.டி. சுற்றறிக்கைகள் இதையெல்லாம் தெளிவுபடுத்திவிட்டன.

அந்தச் சுற்றறிக்கைகளில் நம்மைப் போன்றவர்களுக்கு நேரடியாகப் பயன்படுவது வேறொன்று. வாரண்டியில் இலவசமாக மாற்றித் தரும் சாமானுக்கு வாடிக்கையாளரிடம் தனியாகக் காசு வாங்காதபோது அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது; அந்தச் சாமான் வாங்கும்போது கட்டிய வரிக்கு எடுத்த வரவை (இன்புட் கிரெடிட்) திருப்பவும் வேண்டாம். டீலர் தன் கையிருப்பிலிருந்து மாற்றிக்கொடுத்து, நாம் அதற்குப் பதில் சாமானை அவருக்கு அனுப்பினாலும் அப்படித்தான். ஆனால் டீலர் நம் பெயரில் பில் போட்டுக் காசு கேட்டால் அது விற்பனை, வரி உண்டு. ஆகவே டீலரோ மெக்கானிக்கோ, சாமானுக்குச் சாமான்தான், பில் வேண்டாம். கூலி மட்டும் தனி. இது தெரியாமல் பல வருடம் டெலிவரி சலானில் என்ன எழுதுவது என்று முழித்திருக்கிறேன்.

வருமான வரியில், வாரண்டிக்காக ஒதுக்கி வைக்கும் பணத்தைச் செலவாகக் காட்டலாமா என்று எங்கள் ஆடிட்டரிடம் கேட்டேன். வால்வைத் திறந்து மூடும் ஆக்சுவேட்டர் விற்ற ரோடார்க் கன்ட்ரோல்ஸ் வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர் சொன்னார். விற்ற நாளிலேயே கடமை வந்துவிட்டது, பணம் வெளியே போக வாய்ப்பு இருக்கிறது, எவ்வளவு என்று பழைய அனுபவத்தை வைத்து நம்பகமாக மதிப்பிட முடிகிறது என்றால் அந்த ஒதுக்கீட்டைக் கழிக்கலாம். கடைசி நிபந்தனைதான் எங்களை மாதிரிப் பட்டறைகளை மடக்குகிறது. "கெபாசிட்டர் 1" என்று எழுதிய நோட்டை வைத்துக்கொண்டு யாரிடம் நம்பகம் பேசுவது? ஒவ்வொரு போனுக்கும் மெஷின் நம்பர், விற்ற தேதி, கெட்ட தேதி, சாமான், கூலி, பார்சல் என்று ஆறு கட்டம் போட்டு இந்த வருடம்தான் எழுத ஆரம்பித்திருக்கிறோம். மெஷினுக்கு 125 ரூபாய் வீதம் தனிக் கணக்கில் போட்டு வைக்கிறோம். இரண்டு வருடம் ஓடட்டும், எண் தானே பேசும்.

டீலர்கள் வாய்விட்டுச் சொல்வதும் ஒரு கவலை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உற்பத்தியாளர் பொறுப்பு தனி அத்தியாயமாகவே வந்துவிட்டது. 2020 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது. உற்பத்தியாளர் கொடுத்த வாரண்டிக்கு அப்பால் விற்பவர் தானாக ஒரு வாரண்டி கொடுத்தால் அது அவர் தலையில் விழும். ஆனாலும் வழக்கு என்று வந்தால் நம்மையும் இழுத்துத்தான் வைப்பார்கள். வாங்கியவர் தன் ஊர் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பென்னாகரத்துக்காரர் தருமபுரியில் போட்டால் நான் அங்கே போய் நிற்கவேண்டும். சொந்தப் பிழைப்புக்காக மாடு வைத்திருப்பவர் வணிக நோக்கத்துக்கு வாங்கினார் என்று தப்பிக்கவும் முடியாது. அதனால் மெஷினை இறக்கும்போதே கார்டைப் பிரித்து டீலர் படித்துக்காட்டி, கையெழுத்தோடு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பவேண்டும் என்று வைத்திருக்கிறோம். அந்த போட்டோவின் தேதியே வாரண்டி தொடங்கும் தேதி. காகிதத்தை யார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்? கார்டைத் தேடினால் மாட்டுக்கொட்டகை ஓட்டில் செருகி மழையில் நனைந்து கிடக்கும்.

நான் எடுத்திருக்கும் முடிவு ஒரே வழி அல்ல. முதல் மூன்று மாதம் நம் ஆளே போவான், எவ்வளவு தூரமானாலும். அந்தக் காலத்தில் கெடுவது நம் கைத்தவறு. அதை நம் கண்ணே பார்க்கவேண்டும், வாடிக்கையாளரும் பட்டறை ஆள் வந்தான் என்று சொல்லவேண்டும். அஞ்செட்டிக்கும் சேர்த்துத்தான், கெபாசிட்டர் என்று போனிலேயே தெரிந்தால் தவிர. உர்ரென்ற சத்தம் கேட்டால் போனிலேயே கேட்க ஐந்து கேள்வி எழுதி ஒட்டியிருக்கிறேன்: ஒயர் எவ்வளவு நீளம், பக்கத்தில் லைட் மங்குகிறதா, புல் இல்லாமல் கிளம்புகிறதா, பெல்ட்டைக் கழற்றினால் கிளம்புகிறதா, கெபாசிட்டர் உப்பியிருக்கிறதா. நாலாவது மாதத்திலிருந்து பன்னிரண்டு வரை ஊர் மெக்கானிக், இரண்டு தவணைக் கூலியில். ஊத்தங்கரை, அரூர், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை என்று நாலு இடத்தில் பேசியாயிற்று. நாலு பேரிடமும் இரண்டிரண்டு கெபாசிட்டர், ஒரு பெல்ட், ஒரு பேரிங் செட் முன்கூட்டியே வைத்திருக்கிறோம்.

இரண்டாவது வருடம் இப்போதைக்கு இல்லை. மோட்டார் கம்பெனி ஓட ஆரம்பித்த நாளிலிருந்தே 18 மாதத்துக்கு ஒப்புக்கொண்டால் மோட்டாருக்கு மட்டும் ஒன்றரை வருடம் கொடுப்பேன். ஃபிரேமுக்கும் ஃப்ளைவீலுக்கும் ஐந்து. மச்சானுக்கு இதில் பாதிதான் திருப்தி. "ரெண்டு வருசம்னு ஒரு வார்த்தை இருந்தா போதும், எங்க இருக்குங்கிறது முக்கியம் இல்ல" என்கிறார். அதனால்தான் கார்டின் புரூஃபை அவர் கையில் கொடுக்காமல் நானே அச்சகத்துக்கு எடுத்துப் போனேன்.

போன வாரம் அரூர் மெக்கானிக்கிடமிருந்து முதல் பார்சல் பஸ்ஸில் வந்தது. சாக்குக்குள் ஒரு பேரிங், கூடவே ஒரு சீட்டில் மெஷின் நம்பர். வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தால் உள்ளே கிரீஸ் இல்லை, சோளத்தட்டுத் தூசி அடைத்துக் கெட்டியாக இருக்கிறது. இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள பேரிங் போட்டால் என்ன விலை வருகிறது என்று ஓசூரில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.